நாற்பத்து மூன்றாம் உறை

இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமைப் பொறியாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாகப் பெருமக்களே, ஓடுபாதை வெயிலில் தலை நரைத்து ஓய்வுபெற்ற பெரியவர்களே, மடியில் பிள்ளையையும் மனத்தில் அதன் தகப்பனையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உட்கார நாற்காலி இருந்தும் உட்காராமல் சன்னலோரம் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, பின்வரிசையில் சீருடை இல்லாமல் இருந்தாலும் சீருடையை இன்னும் பெட்டியில் மடித்து வைத்திருக்கிற என் சகோதரர்களே! இரு கையும் கூப்பி, எல்லோரையும் வணங்குகிறேன்.

வானத்தையும் வணங்குகிறேன். இன்றைக்கு அதன் தயவு எனக்குத் தேவைப்படுகிறது.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு விமானம் இறங்கும் என்றார்கள். தூர தேசத்து மைதானத்தில் நிறுத்தி வைத்த இருபத்திரண்டு விமானங்களில் கடைசி விமானம். அதில் வருபவர், அந்த மைதானத்தில் கடைசி ஆளாக நின்ற பழுதுபார்ப்பாளர். அவர் என் வீட்டுக்காரர். 'அது வரும்வரைக்கும் நீங்க பேசுங்கம்மா' என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். ஊரெல்லாம் மாப்பிள்ளை வரும்வரை மேளம் வாசிப்பார்கள். இங்கே மேளத்துக்குப் பதிலாக நான்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஒன்றரை வருடமாக நாம் சிரித்ததில்லை.

நான் மேடைப் பேச்சாளர் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீதிப் படிப்பு பொட்டலம் கட்டிவந்த காகிதத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்தவை மூன்று: காலையில் விளக்கேற்றி ஆண்டவனைக் கும்பிடுவது, தையல் இயந்திரத்தை மிதிப்பது, எதையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது. அந்த மூன்றாவதில்தான் எனக்குக் கர்வம். அந்தக் கர்வம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். புகழ்ந்து பேச அழைத்தீர்கள். நான் ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

பெருந்தொற்று வந்தது. எப்படி வந்தது? ஊசி முனையை விடச் சிறியது, ஒரு தும்மலில் ஏறி, ஒரு கைகுலுக்கலில் இறங்கி வந்தது. தேசங்கள் கதவைச் சாத்தின. எல்லைகள் தாழ் போட்டன. ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை, ஏணி மட்டும் நின்றது. வழியனுப்பும் கூடத்தில் அழுவாரும் இல்லை, வரவேற்கும் கூடத்தில் கட்டிப்பிடிப்பாரும் இல்லை. அறிவிப்புப் பலகையில் வரிசை வரிசையாக ஒரே சொல்: ரத்து, ரத்து, ரத்து.

நமக்கெல்லாம் அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை வருடமும் எத்தனை விமானம் வாங்கலாம் என்று யோசித்தார்கள். எத்தனை பயணிகள் ஏறுவார்கள் என்று யோசித்தார்கள். எல்லா விமானமும் ஒரே நாளில் கீழே இறங்கிவிட்டால் எங்கே நிறுத்துவது என்று யாராவது யோசித்தார்களா? பறவை எல்லாம் ஒரே மரத்தில் வந்து அடைந்தால் மரம் என்ன செய்யும்? நம் நிலையத்தில் இடம் போதவில்லை. ஓடுபாதை ஒன்றையே மூடி, அதில் வரிசையாக நிறுத்தினார்கள். அதுவும் போதவில்லை. காற்றில் ஈரமே இல்லாத தூர தேசத்து மைதானம் ஒன்றில் இருபத்திரண்டு விமானங்களுக்கு இடம் கேட்டு வாங்கினார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள எட்டு பேர். பதினைந்து நாள் வேலை என்றார்கள். என் வீட்டுக்காரர் நாலு சட்டை எடுத்து வைத்தார். ஐந்தாவது சட்டையை நான் எடுத்துக் கொடுத்தேன். "எதுக்கு, கல்யாணத்துக்கா போறேன்?" என்று திருப்பி அலமாரியிலேயே வைத்துவிட்டார்.

இங்கேதான் உறை வருகிறது. தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். நின்றுபோன விமானத்தின் உடம்பில் பல துவாரங்கள். காற்றின் வேகத்தை அளக்கும் சிறு குழாய், புகை போகும் குழாய், காற்றை உறிஞ்சும் பெரிய வாய். எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடாவிட்டால் குளவி உள்ளே கூடு கட்டும். அந்தக் கூட்டோடு பறந்தால், மேலே போனதும் விமானிக்குத் தன் வேகம் தெரியாது. அதற்காகச் சிவப்புத் துணியில் உறை. ஒவ்வொரு உறையிலும் தொங்கும் நாடா. நாடாவில் வெள்ளை எழுத்து: 'பறக்கும் முன் அகற்றவும்'. மூக்கியைப் போன்ற ஒரு விமானத்துக்கு இருபத்தாறு உறை.

மூக்கி யார் என்கிறீர்களா? விமானம்தான். ஒரு தடவை பறவை மோதி, மூக்கில் ஒட்டுப் போட்ட விமானம். அதனால் அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் அந்த மூக்கியைப் பற்றிப் பேசிய அளவு என்னைப் பற்றி யாரிடமும் பேசியிருக்க மாட்டார். சக்களத்திக்கு இறக்கை இருந்தால் என்ன செய்ய முடியும்?

எல்லா விமானமும் ஒரே நாளில் நிற்கும் என்று யாரும் நினைக்காததால் உறையும் இருப்பு இல்லை. கடைகள் அடைப்பு. வெளியிலிருந்து வரவழைக்கவும் வழியில்லை, ஏனென்றால் கொண்டுவர வேண்டிய விமானமே உறைக்காகக் காத்திருக்கிறது. அப்போது கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்த நம் ஸ்டோர் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஊழியர் குடியிருப்பில் தையல் இயந்திரம் இருக்கும் பதினோரு வீட்டுக்கும் சிவப்புத் துணிச் சுருளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். எல்லைகள் உறைந்தன, ஊர் உறைந்தது, எங்கள் வீடுகளில் உறை தைத்தோம். ஒன்பது நாள். சமையலறையில் சிவப்பு, கட்டிலில் சிவப்பு. என் பங்கு இரண்டு விமானத்துக்கு ஐம்பத்திரண்டு உறை. ஒவ்வொன்றிலும் எண் தைத்தேன். நோட்டில் எண் எழுதி, தைத்து முடித்ததும் பக்கத்தில் ஒரு கோடு. ஒன்று முதல் இருபத்தாறு வரை வேறொரு விமானம். இருபத்தேழு முதல் ஐம்பத்திரண்டு வரை மூக்கி.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். "வண்டிய பாத்துக்க. சும்மா நின்னா டயர் ஒரே பக்கம் அமுங்கிடும். வாரத்துக்கு ஒருவாட்டி கால் சுற்று உருட்டி வை. பைப்புக்குள்ள பூச்சி போயிடாம பாரு." வண்டி என்றது அவருடைய இரண்டு சக்கர வண்டியை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. 'உன்னை விட்டுப் போக மனசு வரல' என்று சொல்வதற்குப் பதிலாக டயரைப் பற்றிச் சொல்வார். பழகியவர்களுக்குப் புரியும்.

அன்று சாயங்காலம் படி இறங்கி வண்டிக்கொட்டகைக்குப் போனேன். கையில் ஒரு உறை இருந்தது. சின்ன உறை, விமானத்தின் வால் பக்கத்தில் மணிக்கட்டுப் பருமன் குழாய்க்கு உரியது. வண்டியின் புகைக்குழாயில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. எண் நாற்பத்து மூன்று.

திரும்ப எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இருபத்தாறில் ஒன்று போனால் என்ன, மூக்கிக்குத்தான் அவரே துணைக்குப் போகிறாரே, இந்த வண்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. வண்டிக்கா, எனக்கா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் ஐயா மூட்டையை எடுக்க வந்தார். "எல்லாம் சரியாம்மா" என்று கேட்டார். "சரி ஐயா" என்றேன். நோட்டைப் பார்த்தார். ஐம்பத்திரண்டுக்கும் கோடு. தைத்ததற்குத்தானே கோடு? தைத்தேன், கோடு போட்டேன். அனுப்பியதற்கு என்று என் நோட்டில் தனியாக இடமே இல்லை. "ஒரு தடவை எண்ணிப் பாத்துக்குங்க ஐயா" என்று ஒப்புக்குச் சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் முள்ளாக நிற்கிறது. "உங்க கணக்க நான் எண்ணணுமா? சாமி உண்டியல எண்ணினாலும் எண்ணுவேம்மா, இத எண்ண மாட்டேன்." இருபத்தாறும் இருபத்தாறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சொல்லில் பொய் இல்லை, கோட்டில் பொய் இல்லை, ஆனாலும் முழுவதும் பொய். அப்படி ஒரு பொய்யை நோட்டு வைத்திருப்பவர்களால்தான் சொல்ல முடியும்.

*

பதினைந்து நாள் ஒரு மாதமானது. ஒரு மாதம் மூன்றானது. அங்கே அவர் வியாழக்கிழமைதோறும் விமானங்களை இழுவை வண்டியால் கொஞ்சம் நகர்த்தி, சக்கரங்களைக் கால் சுற்று திருப்புவார். இங்கே நானும் வியாழக்கிழமைதோறும் படி இறங்குவேன். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கோடு மேலே, அடுத்த வாரம் பக்கவாட்டில், அடுத்த வாரம் கீழே. நாலு வியாழன் போனால் ஒரு முழுச் சுற்று. ஒரு மாதத்தில் அந்த வண்டி போன தூரம் எவ்வளவு தெரியுமா? இந்த மேடையின் நீளம்கூட இல்லை. காவல்காரர் பார்த்துவிட்டு, "என்னக்கா, வண்டிக்கு நடை பழக்குறீங்களா" என்பார். "ஆமாண்ணே, நடந்து போய் அவரக் கூட்டிட்டு வரட்டும்னு" என்பேன்.

அவர் தொலைபேசியில் 'வரேன்' என்று சொன்னதே இல்லை. தன் கையில் இல்லாததைச் சொல்லக்கூடாது என்று இருப்பார். நான்தான் அவருடைய சொல்லில் நாளைத் தேடினேன். முதலில் எல்லாம் 'நிறுத்தி வெச்சிருக்கோம்' என்பார். நாலாம் மாதம் ஒருநாள் 'கட்டி வெச்சாச்சு' என்றார். நிறுத்தி வைத்தால் ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம். எண்ணெய் வடித்து, சன்னலை மறைத்து, கட்டி வைத்துவிட்டால் ஒரு வருடம். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அன்பார்ந்தவர்களே, தமிழில் இரண்டு சின்னச் சொல் இருக்கின்றன. ஒன்று 'வைத்தார்கள்'. இன்னொன்று 'விட்டார்கள்'. அதற்கு அடுத்த மாதம், ஐந்தாம் மாதம், நம் குடியிருப்புக்கு முந்நூறு கடிதங்கள் வந்தன. விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். ஆட்களை நிறுத்திவிட்டார்கள்!

விமானத்துக்கு உறை போட்டார்கள். வியாழன்தோறும் சக்கரத்தைத் திருப்பினார்கள். குளவி போகாமல், தூசி படியாமல், துரு ஏறாமல் காத்தார்கள். ஏன்? ஒருநாள் வேண்டியிருக்கும் என்று. ஆட்களுக்கு யார் உறை போட்டார்கள்? யார் வந்து கால் சுற்றுத் திருப்பினார்கள்? முப்பது வருடம் இறக்கை துடைத்த கை, ஒருநாளும் வேண்டியிருக்காது என்று எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

வேண்டாம், கை தட்டாதீர்கள். முன்வரிசையில் இருப்பவர்களையும் நான் குற்றம் சொல்லிப் பேசவில்லை. அவர்களும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். பயணி இல்லாத விமானம் எதைக் கொண்டு சம்பளம் தரும்? ஆனால் ஒரு கதை சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எட்டு பேர் போனார்கள் என்றேனே, அதில் ஒருவர் இரண்டாம் மாதமே ஏணியிலிருந்து விழுந்து, கணுக்கால் முறிந்து, மருந்து ஏற்றிவந்த சரக்கு விமானத்தில் திரும்பினார். எந்நேரமும் இடுப்பில் ஒட்டுநாடாச் சுருள் தொங்கும். அதனால் டேப் அண்ணன். இதோ, தூண் பக்கத்தில் நிற்கிறார். ஒளியாதீங்க அண்ணே, உங்களைப் பார்த்தாச்சு. கால் குணமாவதற்குள் அவருக்கும் கடிதம் வந்துவிட்டது. பழைய வேன் ஒன்றில் தக்காளியும் வெங்காயமும் ஏற்றித் தெருத்தெருவாக விற்கப் போனார். விமானத்தைத் தொட்ட கையால் தராசைத் தொட்டார். எடை குறைந்தது என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை.

பதினோராம் மாதம் செய்தி வந்தது. வானம் கொஞ்சம் திறக்கிறது, மூக்கியை முதலில் கொண்டுவருகிறார்கள், அதிலேயே ஏழு பேரும் திரும்புகிறார்கள். வெள்ளிக்கிழமை புறப்பாடு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த ஐந்தாவது சட்டையை எடுத்துத் துவைத்துத் தேய்த்தேன். நானே ஆண்டவனிடம் சொன்னேன், 'இனிமே உன்கிட்ட ஒன்றும் கேட்க மாட்டேன்' என்று. இப்படிச் சொன்ன வாயால் மறுநாளே கேட்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். சிரித்திருப்பான்.

வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வந்தது. கிளம்பிவிட்டார் என்று நினைத்து எடுத்தேன். "இன்னிக்கி இல்ல" என்றார். குரல் மரம் மாதிரி இருந்தது. ஞாயிறு நள்ளிரவோடு நம் தேசம் மறுபடியும் கதவைச் சாத்துகிறது, புது வகை நோய் பரவுகிறதாம், அதற்குள் வராவிட்டால் எப்போது என்று தெரியாது என்றார்.

ஏன் இன்றைக்கு இல்லை என்று கேட்டேன். உறைகளைக் கழற்றி எண்ணினார்களாம். இருபத்தைந்து இருந்ததாம். ஏட்டில் இருபத்தாறு. ஒன்று காணவில்லை என்றால் அது எங்கே? இயந்திரத்துக்குள்ளா? காற்று போய் வரும் குழாய்க்குள்ளா? எங்கே என்று தெரியும்வரை விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் யார்? அவரேதான். மற்ற ஆறு பேரும் சூழ்ந்து நின்று, ஒரு முழத் துணிக்காகவா அண்ணே என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தன் பிள்ளையை இன்னும் பார்க்கவே இல்லை, படத்தில்தான் பார்த்தார். அவரும் கேட்டிருக்கிறார். இவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், தாய்மார்களே. பதினோரு மாதம் வீட்டை நினைத்து ஏங்கிய மனிதன். வீட்டுக்கு வரும் விமானம் எதிரில் நிற்கிறது. ஒரு கையெழுத்து. அதைப் போடாத கையை என்னவென்று சொல்வது? கல் என்பதா? கடவுள் என்பதா?

நான் அப்போது அதெல்லாம் யோசிக்கவில்லை. "எந்த நம்பர்" என்று கேட்டேன்.

"நாப்பத்தி மூணு."

கையில் தேய்த்த சட்டை இருந்தது. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வண்டிக்கொட்டகை தெரியும். வண்டியின் பின்னால் சிவப்பு நாடா காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பதினோரு மாதமாகத் தினம் பார்க்கிறேன். 'அகற்றவும், அகற்றவும்' என்று அது என்னைப் பார்த்து ஆடியது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்லிவிட்டேன். "அது அங்க வரவே இல்லீங்க. இங்க இருக்கு. உங்க வண்டில."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும். கடைசியில், "கிட்டப் போய் நம்பரப் படி" என்றார். போனேன். நாலு, மூன்று என்று படித்தேன். அழுகையில் எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது, இருந்தும் படித்தேன். "படம் எடுத்து அனுப்பு. ஆனா படம் மட்டும் பத்தாது. அந்த ஓட்டைய இத்தன நாளா என்ன மூடியிருந்துச்சு? இங்க யாருக்கும் ஞாபகம் இல்ல. முதல் நாள் வால் பக்கம் வேலை பாத்தது யாருன்னு ஏட்டுல இல்ல."

யார்? முதல் நாள் வால் பக்கம் ஏறியவர் யார்? உறை ஒன்று குறைகிறது என்று கண்டவர், இருட்டுவதற்குள் மூட வேண்டும் என்று இடுப்புச் சுருளைக் கழற்றி, கனமான நாடாவை ஒட்டி மூடியவர் யார்? அடுத்த வேலைக்கு ஓடி, அதற்கடுத்து ஏணியிலிருந்து விழுந்து, அதை ஏட்டில் எழுத மறந்தவர் யார்?

நீங்களே சொல்கிறீர்கள். ஆமாம். டேப் அண்ணன்தான்.

அவரைத் தேடினோம். நிறுவனத்தில் அவர் தொலைபேசி எண் இல்லை, கடிதம் கொடுத்ததும் அழித்துவிட்டார்கள். வேனில் போகிறவர் எந்தத் தெருவில் இருப்பார்? வெள்ளி சாயங்காலமும் சனிக்கிழமை விடிந்ததிலிருந்தும் தேடினேன். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு பாலத்தடியில் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன். மூச்சு வாங்கக் கேட்டேன். அவர் தராசை இறக்கவே இல்லை. "ஆமா தங்கச்சி, வால் ஓட்டைக்கு உறை வரல. நான்தான் டேப் போட்டேன். மூணு சுத்து, குறுக்கால ஒண்ணு. ஓரத்த மடிச்சு விட்டிருப்பேன், பிச்சு எடுக்க வசதியா. போய்ப் பாக்கச் சொல்லு, பசை இருக்கும்."

பார்த்தார்கள். பசைத் தடம் இருந்தது. மூன்று சுற்று, குறுக்கே ஒன்று.

நிர்வாகப் பெருமக்களே, பத்து நிமிடக் கேள்வி இது. அந்த மனிதர் உங்கள் முற்றத்தில் நின்றிருந்தால் பத்து நிமிடம். அவரை நிறுத்திவிட்டதால் இரண்டு நாள். ஏட்டில் இல்லாதது ஆளிடம் இருக்கும் ஐயா. ஆளை அனுப்பிவிட்டால் ஏட்டை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது? ஆனால் அந்த இரண்டு நாளில் என் பங்கும் இருக்கிறது. என் பங்கே பெரிது.

அந்த இரண்டு நாள் என்ன செய்தது, சொல்கிறேன். ஒரு விமானம் புறப்பட வேண்டுமானால் தரையில் ஒருவர் நிற்க வேண்டும். சக்கரத்தின் கட்டையை எடுத்து, முன்சக்கரத்துப் பூட்டு ஊசியைக் கழற்றி, அதன் சிவப்பு நாடாவை விமானி பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். 'எல்லாம் அகற்றியாயிற்று, நீ போகலாம்' என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை அதைச் செய்ய அந்த ஊர் ஆட்கள் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களில் ஒருவருக்கு நோய் கண்டு, மொத்தப் பேரையும் தனிமையில் வைத்துவிட்டார்கள். ஏழு பேரில் ஒருவர் தரையில் நின்றால்தான் ஆறு பேர் பறக்க முடியும்.

என்னிடம் கேட்கவில்லை. சொன்னார். "எங்க வீட்டுக் கணக்குல வந்த தாமதம். நான் நிக்கறதுதான் நியாயம். பச்சப் புள்ளக்காரன எப்படி நிக்கச் சொல்றது?" நான் 'சரி' என்றேன். ஸ்டோர் ஐயாவிடம் சொன்ன சரிக்கும் இந்தச் சரிக்கும் நடுவில் பதினோரு மாதம். அந்தச் சரி வாயில் தானாக வந்தது. இதற்கு என் உயிரைப் பிழிய வேண்டியிருந்தது.

"ஒண்ணு மட்டும்" என்றார். "அந்த உறையக் கழட்டாத. நான் வந்து கழட்டறேன்."

அன்று மாலை மூக்கி பறந்தது. இறங்கிய ஆறு பேரும் என் வாசலில் வந்து, உள்ளே வராமல், ஆறடி தள்ளி நின்றார்கள். அந்தப் பிள்ளைக்காரர் சொன்னார்: "மேல ஏறித் திரும்பினப்ப பாத்தோம் அக்கா. அவ்ளோ பெரிய மைதானம். இருபத்தோரு விமானம். நடுவுல அண்ணன் ஒருத்தர். கையில செகப்பு நாடாவ இன்னும் எறக்கல."

என்னங்க, சீட்டு நீட்டுகிறீர்கள்? சுருக்கமாகப் பேச வேண்டுமா? ஓ. விமானம் இருபது நிமிடம் தாமதமாம். பரவாயில்லை, சகோதரிகளே, சலித்துக்கொள்ளாதீர்கள். எழுபது வியாழன் காத்தவளுக்கு இருபது நிமிடம் என்ன?

இல்லை. பொய் சொல்கிறேன். இந்த இருபது நிமிடம்தான் பெரிதாக இருக்கிறது.

சரி, அதற்குள் ஒரு கடமை. மூக்கி வந்த பிறகு விசாரணை நடந்தது. உறை இங்கேயே தங்கிவிட்டது என்றுதான் ஏட்டில் ஏறியிருந்தது, யாரால் என்று இல்லை. எண்ணாமல் கையெழுத்துப் போட்டது ஏன் என்று ஸ்டோர் ஐயாவைக் கேட்டார்கள். என் பெயரை அவர் சொல்லவில்லை. 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்து, கண்டனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். முப்பத்தோரு வருட வேலையில் முதல் கறை. நான் அறிந்தும் ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன். வீட்டுக்காரர் வரட்டும், வந்தபின் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் வரும் நாளில் அவர் முகத்தைப் பார்க்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மேடைக்குச் சம்மதித்தேன்.

ஸ்டோர் ஐயா, அந்த மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். கண்ணாடியைத் துடைக்கிறீர்கள், பார்க்கிறேன். நீங்கள் என் கணக்கை எண்ணவில்லை. அது உங்கள் தவறு இல்லை, என் மேல் நீங்கள் வைத்த மதிப்பு. அந்த மதிப்பை ஒரு சாண் துணியில் சுற்றி நான் வண்டியில் மாட்டினேன். தலைவர் அவர்களே, இந்த நோட்டு என்னுடையது. நாற்பத்து மூன்றுக்கு நேராகப் புதிதாக ஒரு இடம் போட்டு எழுதியிருக்கிறேன்: 'தைத்தது. அனுப்பாதது. பொறுப்பு நான்.' கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அவருடைய கண்டனக் கடிதத்தை எடுத்துவிட்டு, இந்தத் தாளை அந்த இடத்தில் வையுங்கள்.

நன்றி ஐயா. தலையசைத்தது போதும், தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிக்கொண்டார். இப்போதுதான் மூச்சு வருகிறது.

இனி என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இருபத்திரண்டு விமானங்கள் போயின, இருபத்திரண்டும் இன்றோடு திரும்பிவிட்டன. பெட்டி பெட்டியாக உறைகள் திரும்பிவிட்டன. ஒரு உறை குறைந்தால் விமானத்தை நிறுத்துகிறோமே, முந்நூறு ஆள் குறைந்து எப்படிப் பறக்கிறோம்? வானம் திறந்துவிட்டது. பயணிகள் வருகிறார்கள். பெயர்ப்பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயராக எண்ணுங்கள். தக்காளி வேனில் ஒருவர் இருக்கிறார், மளிகைக் கடையில் ஒருவர், ஊரை விட்டுப் போய்விட்டவர் எத்தனையோ. எங்கே என்று தெரியும்வரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்! துணிக்குக் காட்டிய அக்கறையைத் துணைவர்களுக்குக் காட்டுங்கள்! நிறுத்தி வைத்ததை எடுத்தீர்கள், நிறுத்தி விட்டதையும் எடுங்கள்!

இப்போது தட்டலாம். இப்போது நானும் தட்டுகிறேன்.

ஒரு நிமிடம். பொறுங்கள். கை தட்டுவதை நிறுத்துங்கள். எதுவோ கேட்கிறது.

சன்னலோரச் சகோதரி, கொஞ்சம் திரையை விலக்குங்கள். தெரிகிறதா? மேற்கேயா? ஆமாம். ஆமாம், அதுதான்.

என் பேச்சு முடிந்தது. கேட்ட உங்களுக்கும், கேட்டுப் பொறுத்தவர்களுக்கும், மைதானத்தில் நின்றவரை இதுவரை காத்த ஆண்டவனுக்கும் நன்றி. இன்றைக்கு வியாழக்கிழமை. வெளியே மரத்தடியில் அவர் வண்டி நிற்கிறது. புகைக்குழாயில் உறை இருப்பதால் ஓட்டி வர முடியவில்லை, டேப் அண்ணன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டு வந்தார். டயரில் சுண்ணக்கோடு போட்டிருக்கிறேன். ஆனால் இந்த வாரக் கால் சுற்றை நான் சுற்றவில்லை. உறையை அவர் வந்து கழற்றுவார். கழற்றிய பிறகு, கால் சுற்று போதாது.

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள்.